ஜெசிந்தா துண்டித்த அழைப்பு

1

போன வாரம் அலுவலகத்தில் எனக்காகக் கேக் வெட்டினார்கள். நான் இந்தக் கம்பெனியில் சேர்ந்து பதினெட்டு ஆண்டுகள் ஆகிவிட்டனவாம். கேக்கின் மேல் ‘சூ’ என்று எழுதியிருந்தது. என் பெயர் சுகந்தி. வந்த புதிதில் இருந்த மேலாளர் அம்மா அந்தப் பெயரோடு ஒரு வாரம் மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டு, ‘சூ என்று கூப்பிடட்டுமா?’ என்று கேட்டார். வேலை போய்விடுமோ என்ற பயத்தில் தலையாட்டினேன். பிறகு அதை மாற்றவே முடியவில்லை.

இப்போதைய மேலாளர் கேக்குக்கு முன்னால் நின்று என் சாதனை என்று ஒன்றைச் சொன்னார். சென்னைக் குழுவை உருவாக்கியதாம். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் சிரித்து வைத்தேன். அந்தச் சாதனையை நினைத்தால் எனக்கு வருவது பெருமை இல்லை. இங்கே இருப்பவர்களிடம் அதைச் சொல்ல முடியாது. ஊரில் இருக்கும் உங்களிடம் சொல்லலாம். எனக்கு வருவது பொறாமை.

2

நான் இருப்பது டொராண்டோவுக்குப் பக்கத்தில். வேலை, வீட்டுக் காப்பீட்டுக் கம்பெனியில் போன் எடுப்பது. வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தவர்கள், காற்றில் கூரை பெயர்ந்தவர்கள் கூப்பிடுவார்கள். அழுவார்கள், திட்டுவார்கள். பொறுமையாகக் கேட்டு, விவரம் பதிந்து, சரிசெய்ய ஆள் அனுப்ப வேண்டும்.

போன கோடையில் இந்த வேலையில் பாதியைச் சென்னைக்கு மாற்றுவதென்று முடிவானது. பெருங்குடியில் ஒரு மாடியை வாடகைக்கு எடுத்து, புது ஆட்களையும் சேர்த்துவிட்டார்கள். பயிற்சி கொடுக்க இங்கிருந்து ஒருவர் ஐந்து வாரம் போய்வர வேண்டும். “சூ, உனக்கு அந்த ஊர் மொழி தெரியும் இல்லையா?” என்றார் மேலாளர்.

தெரியாமல் என்ன? மந்தைவெளியில் பிறந்து வளர்ந்தவள் நான். என் வேலையில் பாதியை வாங்கிக்கொள்ளப் போகிறவர்களுக்கு நானே போய்க் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பதும் புரிந்தது. ஆனால் டிக்கெட் வந்ததும் மற்றதெல்லாம் மறந்துபோனது. கல்லூரி விடுமுறையில் சும்மா இருந்த என் மகள் தர்ஷினியையும் இழுத்துக்கொண்டு கிளம்பினேன். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவள் அப்பா எங்களைப் பிரிந்து போய் வெகுகாலம் ஆகிறது.

மீனம்பாக்கத்தில் இறங்கியதும் கால் தானாக இந்தியர்களுக்கான வரிசையில் போய் நின்றது. கவுன்டரில் இருந்த அதிகாரி பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டு, “மேடம், நீங்க அந்த லைன்” என்று வெளிநாட்டவர் வரிசையைக் காட்டினார். அந்த வரிசையில் இருந்த அதிகாரி கேட்டார்.

“சென்னைல எங்க தங்கறீங்க?”

“வீட்டுல.”

“யார் வீட்டுல?”

“அண்ணன் வீட்டுல” என்றேன்.

அண்ணன் வீடு அபிராமபுரத்தில். அண்ணி நல்லவர். நாங்கள் போய்ச் சேரும் முன்பே பாட்டில் தண்ணீர் ஒரு பெட்டி வாங்கி வைத்திருந்தார். “உனக்கு நம்ம தண்ணி இப்ப ஒத்துக்காது சுகந்தி” என்றார். சமையலறைக்குள் போனால், “நீ போய் உக்காரு, உனக்கு எது எங்க இருக்குன்னு தெரியாது” என்பார். தெரியாதுதான்.

3

முதல் நாள் வகுப்பில் பேஸ்மெண்ட் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். அங்கே எல்லா வீட்டுக்கும் அடியில் ஓர் அறை உண்டு, மழை பெய்தால் முதலில் அதற்குள்தான் தண்ணீர் வரும், எங்களுக்கு வரும் அழைப்புகளில் பாதி அதைப் பற்றித்தான் என்று படம் போட்டுக் காட்டினேன். கடைசி வரிசையில் ஒரு கை எழுந்தது.

“தண்ணி வரும்னு தெரிஞ்சே எதுக்கு மேடம் பூமிக்குக் கீய ரூம் கட்டறாங்க?”

வகுப்பே சிரித்தது. எத்தனையோ ஆயிரம் பேஸ்மெண்டுகளுக்காக வருத்தம் தெரிவித்தவள் நான். ஒரு நாளும் இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதில்லை.

அவள்தான் ஜெசிந்தா. இருபத்து மூன்று வயது. பட்டினப்பாக்கத்தில் மீன்பிடிக் குடும்பம். அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா மீன் விற்கிறவர். நந்தனத்தில் பி.காம். முடித்திருந்தாள். ஸ்கூட்டரில் வருவாள். உணவு இடைவேளையில் அவள் மேசையைச் சுற்றித்தான் கூட்டம் இருக்கும்.

நான் உச்சரிப்புக்கு ஒரு நாள் முழுவதையும் ஒதுக்கியிருந்தேன். ‘வாட்டர்’ என்று சொல்லக் கூடாது, உதட்டைக் குவித்து, நடுவில் இருக்கும் எழுத்தை உருட்டிச் சொல்ல வேண்டும் என்று பழக்கினேன். மற்றவர்கள் உதட்டைக் குவித்துக்கொண்டிருந்தார்கள். ஜெசிந்தா கேட்டாள்.

“நான் வாட்டர்னு சொன்னா அவங்களுக்குப் புரியாதா மேடம்?”

“புரியும்.”

“அப்பறம் இன்னா?”

நான் கனடாவுக்குப் போன முதல் இரண்டு குளிர்காலமும் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று அந்த ஒரு சொல்லைப் பழகியவள். “ரூல் அப்படி” என்றேன்.

மாதிரி அழைப்புகளில் நான் கோபக்கார வாடிக்கையாளராக நடிப்பேன். மற்றவர்கள் எழுதி வைத்ததைப் பார்த்துப் படிப்பார்கள். ஜெசிந்தா எதையும் பார்க்க மாட்டாள். “மொதல்ல நீங்க காஞ்ச எடத்துல நில்லுங்க சார், அப்பறமா திட்டுங்க” என்பதை அவளுடைய ஆங்கிலத்தில் சொல்வாள். நடித்துக்கொண்டிருந்த எனக்கே கோபம் இறங்கிவிடும். இரண்டாவது வாரத்தில், நான் சொல்லிக்கொடுத்தது புரியாத பிள்ளைகள் அவளிடம் போய்க் கேட்டுக்கொள்ள ஆரம்பித்தார்கள். நான் பாடம் நடத்திவிட்டு உட்காருவேன். அவள் மேசையில் அதே பாடம் மறுபடி நடக்கும். அங்கேதான் அவர்களுக்குப் புரியும். நான் காபி எடுக்கும் சாக்கில் பக்கத்தில் போய் நின்று, அப்படி என்னதான் சொல்கிறாள் என்று ஒட்டுக்கேட்டிருக்கிறேன்.

4

தர்ஷினிக்கு முதல் பத்து நாள் எதுவும் பிடிக்கவில்லை. வெயில் பிடிக்கவில்லை, கொசு பிடிக்கவில்லை, அண்ணியின் கேள்விகள் பிடிக்கவில்லை. ஒரு நாள் வீட்டிலேயே அடைந்து கிடக்க வேண்டாமே என்று அலுவலகத்துக்கு அழைத்துப் போய் உணவகத்தில் உட்கார வைத்தேன். மதியம் போய்ப் பார்த்தபோது ஜெசிந்தாவின் டப்பாவிலிருந்து நெத்திலி வறுவல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். என் வீட்டில் மீன் வாசம் வந்தாலே ஜன்னலைத் திறப்பவள்.

அதற்குப் பிறகு அவளைப் பிடிக்கவே முடியவில்லை. வகுப்பு முடிந்ததும் ஜெசிந்தாவின் ஸ்கூட்டரில் ஏறிவிடுவாள். ரங்கநாதன் தெரு, மயிலாப்பூர் குளத்தங்கரை, பட்டினப்பாக்கம் கடற்கரை. நான் ஆசை ஆசையாகக் காட்ட வேண்டும் என்று வைத்திருந்த இடங்களையெல்லாம் எனக்கு முன்னால் ஜெசிந்தா காட்டிவிட்டாள்.

ஒரு நாள் மாலை வீட்டுக்குள் நுழைந்தவள் என்னைப் பார்த்துக் கேட்டாள்.

“இன்னாமா, துன்ட்டியா?”

அண்ணி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். “என்னடி பேச்சு இது!”

நானாவது சிரித்திருக்க வேண்டும். பிறந்ததிலிருந்து அவளிடம் நான் தமிழில்தான் பேசினேன். அவள் ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். சனிக்கிழமை தவறாமல் தமிழ் வகுப்புக்குக் கொண்டுபோய் விட்டேன். பத்து வயதில் ‘இனி வர மாட்டேன்’ என்று காரை விட்டு இறங்க மறுத்தாள். அன்றோடு அது நின்றது. இப்போது அவளாகவே தமிழில் என்னைக் கேட்கிறாள், சாப்பிட்டாயா என்று. என் வாயில் வந்தது, “துன்ட்டியா இல்ல, சாப்ட்டியான்னு கேக்கணும்.”

அவள் முகம் மாறியது. ஆங்கிலத்துக்குத் திரும்பினாள். “இதனால்தான் நான் உன்னிடம் தமிழில் பேசுவதில்லை. ஜெசி திருத்த மாட்டாள். தப்பாகப் பேசினால் சிரிப்பாள், அவ்வளவுதான்.”

அவள் ‘ஜெசி’ என்று சொன்ன விதம் எனக்குள் எங்கேயோ போய்க் குத்தியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஜெசிந்தா எங்கள் இருவரையும் வீட்டுக்கு அழைத்தாள். கடலுக்குப் பக்கத்தில் குடியிருப்பு. அவள் அம்மா வஞ்சிரம் வறுத்து வைத்திருந்தார். நான் ஊருக்கு எப்போது வந்தாலும் ஒன்று நடக்கும். வெளிநாடு என்றதும் எதிரில் இருப்பவர் கண்ணில் ஒரு சின்ன ஏக்கம் தெரியும். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, அந்த ஏக்கத்தை வாங்கிக்கொண்டுதான் நான் அடுத்த குளிர்காலத்தைத் தாண்டுவேன். ஜெசிந்தாவின் அம்மா கண்ணில் அது இல்லை.

“அங்க மீனு கெடிக்குமா?” என்று கேட்டார்.

“கிடைக்கும். ஐஸ்ல வெச்சதுதான்.”

“அத்த எப்படிமா துன்றீங்க?” என்றார் பரிதாபமாக. இன்னொரு துண்டு எடுத்து என் தட்டில் வைத்தார்.

தர்ஷினி, “நீயும் கனடா வந்துடேன் ஜெசி” என்றாள்.

“நானா? நான் எதுக்கு வரணும்? இங்க இன்னா கொறச்சல்?” என்று ஜெசிந்தா சிரித்தாள். அவள் பீற்றிக்கொள்ளவில்லை. உண்மையாகவே யோசித்துப் பார்த்து, ஒரு குறையும் கிடைக்காமல் சிரித்தாள்.

5

சென்னை அலுவலகத்தின் மேலாளர் பெயர் பிரகாஷ். அந்தத் திங்கட்கிழமை அவர் பேச்சுவாக்கில், “இங்கயே பர்மனெண்ட்டா ஒரு ட்ரெய்னர் போடணும் மேடம். யார போடலாம்னு நீங்கதான் சொல்லணும்” என்றார்.

அவர் ஜெசிந்தாவை மனதில் வைத்துத்தான் சொன்னார். எனக்கு அந்த நொடியில் ஜெசிந்தா ஞாபகமே இல்லை. என்னையே நினைத்துக்கொண்டேன். மறுநாள் யாரிடமும் சொல்லாமல் மந்தைவெளி மார்க்கெட்டுக்குப் பின்னால் வாடகைக்கு இருந்த ஒரு வீட்டைப் பார்க்கப் போனேன். இரண்டு படுக்கையறை, பால்கனியில் துளசித் தொட்டி. வீட்டுக்காரர் மயிலாப்பூரிலேயே பரம்பரையாக இருக்கிற அம்மாள்.

“ஆத்துல எத்தனை பேர்?”

“நானும் பொண்ணும்.”

“கனடாலேர்ந்தா வரேள்? எல்லாரும் அங்க போகணும்னு அலைஞ்சுண்டிருக்கா. நீங்க ஏன் திரும்பி வரேள்? அங்க ஏதாவது பிரச்சனையா?”

“பிரச்சனை ஒண்ணும் இல்ல. வரணும்னு தோணுச்சு” என்றேன். அவர் நம்பவில்லை. நான் பால்கனியில் நின்று தெருவைப் பார்த்தேன். பூக்காரி, இஸ்திரி வண்டி, பள்ளிவிட்டுப் போகும் பிள்ளைகள். இந்தத் தெருவிலிருந்து தினம் பெருங்குடிக்கு வேலைக்குப் போய், மாலை காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பி வருகிற ஒரு சுகந்தியை அவ்வளவு தெளிவாகப் பார்த்தேன். நான் ஊரை விட்ட காலத்தில் இப்படி ஒரு வேலை எனக்கு அங்கே கிடைக்கவில்லை. இப்போது இருக்கிறது. அதில் ஜெசிந்தா உட்கார்ந்திருக்கிறாள்.

6

கடைசி வாரம் நிஜ அழைப்புகள். சென்னையில் மாலை என்றால் டொராண்டோவில் காலை. நான் ஒவ்வொருவர் பக்கத்திலும் உட்கார்ந்து இன்னொரு ஹெட்செட்டில் கேட்க வேண்டும்.

ஜெசிந்தாவின் மூன்றாவது அழைப்பில் ஒரு ஆள் வந்தான். பேஸ்மெண்டில் தண்ணீர். அவள் பெயரைச் சொல்லி ஆரம்பித்ததுமே, ‘நீ எந்த ஊர்?’ என்றான். சென்னை என்றாள். ‘என் நாட்டில் இருக்கும் ஒரு மனுஷரிடம் கொடு’ என்றான். நானே உதவுகிறேன் சார் என்றாள். அவன் கெட்ட வார்த்தையில் இறங்கினான். பிறகு அவள் அம்மாவைப் பற்றி ஒன்று சொன்னான்.

அப்போது ஜெசிந்தாவின் முகம் வெளுத்தது. எனக்குள் ஒரு குரல், ‘அப்பாடா’ என்றது. ஆமாம், அப்படித்தான் இருந்தது. அவளாலும் முடியாத ஒன்று இருக்கிறது. இனி அழைப்பை நான் வாங்கி, உருட்டிய ‘வாட்டரோடு’ பேசி, சூ என்றால் யாரென்று எல்லோருக்கும் காட்டலாம்.

நான் கையை நீட்டும் முன் ஜெசிந்தா அழைப்பைத் துண்டித்தாள். ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

“எங்க அம்மாவ இஸ்துட்டான் மேடம். கட் பண்ட்டேன்.”

எங்கள் கம்பெனியில் பேசுகிறவரை இரண்டு முறை எச்சரிக்காமல் அழைப்பைத் துண்டித்தால் வேலை போகும். புது ஆளுக்கு விசாரணைகூட இருக்காது. எனக்கும் அந்த மாதிரி அழைப்புகள் வந்திருக்கின்றன. ஒவ்வொரு முறையும், ‘உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறேன்’ என்று சொல்லி, பக்கத்து மேசை லிண்டாவுக்கு மாற்றிவிட்டு, போய் முகம் கழுவிக்கொண்டு வருவேன். ஒரு முறைகூட நான் துண்டித்ததில்லை.

திரையில் சிவப்பு விளக்கைப் பார்த்துவிட்டு பிரகாஷ் வேகமாக வந்தார். “யார் கட் பண்ணது?”

“நான்தான் பண்ணச் சொன்னேன்” என்றேன்.

அவளைக் காப்பாற்ற என்று நீங்கள் நினைக்கக்கூடும். அன்று சுற்றி இருந்த எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். இல்லை. அந்த ஆளை வெட்டிவிட்டவள் நானாக இருக்க வேண்டும் என்று அவ்வளவு ஆசையாக இருந்தது எனக்கு. அவளிடம் இருந்த எல்லாவற்றிலும் எனக்குத் தாங்கவே முடியாமல் போனது அந்த ஒரு துண்டிப்புதான். கிடைத்த வாய்ப்பில் அதை என்னுடையதாக்கிக்கொண்டேன்.

பிரகாஷ் போனதும் ஜெசிந்தா என்னை மாடிப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அவளிடம் நன்றி இல்லை, கோபம்.

“நான் பண்ணத நீங்க பண்ணதா ஏன் மேடம் சொன்னீங்க?”

“உன் வேலை போயிருக்கும்.”

“போனா போவுது. என் கோவம் என்னுது. நான் போய் சொல்லிக்கறேன்.”

திரும்பியவளின் கையைப் பிடித்தேன். “உன்ன காப்பாத்தணும்னு சொல்லல ஜெசிந்தா. எனக்கு உன்மேல பொறாமை.”

அவளுக்குப் புரியவில்லை. “எம்மேலயா? எதுக்கு?”

“உனக்கு எல்லாமே இங்க இருக்கு. வேலை, வீடு, அம்மா, கடல், பேச்சு. என் பொண்ணுகூட உங்கிட்டதான் பேசறா.”

அவள் என்னை நிதானமாகப் பார்த்தாள். கேலி இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

“உங்களுக்கும் இங்கதானே மேடம் எல்லாம் இருந்துச்சு? போனது நீங்கதானே?”

அவள் கையை விடுவித்துக்கொண்டு பிரகாஷ் அறைக்குப் போனாள்.

7

பதிவைக் கேட்டுவிட்டு, டொராண்டோவோடும் பேசிவிட்டு, எங்கள் இருவருக்கும் ஆளுக்கொரு எச்சரிக்கைக் கடிதம் என்று பிரகாஷ் முடித்துவைத்தார். அவளுக்குத் துண்டித்ததற்கு, எனக்குப் பொய் சொன்னதற்கு. பிறகு என்னைத் தனியாக உட்கார வைத்து, “ட்ரெய்னர் விஷயம் என்ன மேடம்? பசங்க எல்லாரும் ஜெசிந்தாவதான் கேக்கறாங்க” என்றார்.

“அந்த வேலைய நானே கேக்கலாம்னு இருந்தேன்” என்றேன்.

பிரகாஷ் சங்கடமாகச் சிரித்தார். “நீங்க எதுக்கு மேடம் இங்க? ஏதாவது பிரச்சனையா?” என்றார். பிறகு மெதுவாக விளக்கினார். நான் கனடாக்காரி, வெளிநாட்டு இந்தியருக்கான ஓ.சி.ஐ. அட்டையும் எடுத்து வைக்காதவள். இங்கே வேலை பார்க்க எனக்கு விசா வேண்டும். உள்ளூர்ச் சம்பளத்துக்கு அந்த விசா கிடைக்காது. நான் பிறந்த ஊரில் வேலை செய்ய எனக்குத் தகுதி போதவில்லை என்பதை அவர் எவ்வளவு நாசூக்காகச் சொல்ல முடியுமோ அவ்வளவு நாசூக்காகச் சொன்னார்.

“அப்ப ஜெசிந்தாவப் போடுங்க. அவ என்னவிட நல்லா சொல்லிக்குடுப்பா” என்றேன். அது உண்மை. அந்த உண்மை வாயை விட்டு வெளியே வருவதற்குள் எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிரகாஷ் அதைப் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டு எழுந்து நின்று கைகொடுத்தார்.

இப்போது சென்னையில் மூன்றாவது குழுவை அவள்தான் பழக்குகிறாள். அங்கே யாரும் ‘வாட்டரை’ உருட்டுவதில்லையாம். வாடிக்கையாளர்களிடமிருந்து பாராட்டுக் கடிதங்கள் வருகின்றன. இங்கே எங்கள் பக்கத்தில் காலி மேசைகள் கூடிக்கொண்டு வருகின்றன. அவள் பெயர் ஒவ்வொரு கூட்டத்திலும் அடிபடும்போது நான் குனிந்து குறிப்பு எடுப்பதுபோல் பாவனை செய்கிறேன். வயிறு இன்னும் எரிகிறது. போகப் போகச் சரியாகிவிடும் என்று சொன்னவர்கள் யாருக்கும் இப்படி எரிந்திருக்காது.

தர்ஷினி தினம் அவளோடு வீடியோவில் பேசுகிறாள். சமையலறையில் நின்றுகொண்டு நான் கேட்பேன். அவள் தமிழ் வேகமாகிவிட்டது. சில சொற்கள் எனக்கே புரிவதில்லை. கேட்பதற்கு வெட்கப்பட்டுக்கொண்டு பாத்திரம் கழுவுவேன்.

நேற்று மாலை பேசி முடித்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“கிறிஸ்மஸுக்கு ஜெசி வூட்டுக்குப் போறேன்மா. நீயும் வர்றியா?”

திருத்தவில்லை. “எந்த ஊருக்கு?” என்று மட்டும் கேட்டேன்.

“மெட்ராஸுக்குத்தான். வேற எங்க?”

என் ஊருக்கு என்னை விருந்தாளியாக அழைக்கிறாள். வருகிறேன் என்றேன். அண்ணியிடம் சொல்ல வேண்டும், மழைக்காலம், எந்தத் தெருவில் தண்ணீர் நிற்குமோ, பட்டினப்பாக்கத்துக்கு எப்படிப் போய்வருவது என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன்.

தர்ஷினி என் தோளில் கை போட்டாள்.

“நீ சும்மா எங்கூட வா. அதெல்லாம் நான் பாத்துக்கறேன். உனக்கு அங்க இப்ப ஒண்ணும் தெரியாது.”